சூடு தெரியாத கால்

மார்கழியில் ஒரு நாள் காலை, எங்கள் ஏற்ற மரத்தில் ரத்தம் இருந்தது. காட்டுப்பாக்கத்தில் எங்கள் கத்தரித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் ஏற்றம் அது. நான் மேலே ஏறி மரத்தை மிதிப்பேன். தம்பி ஏழுமலை கீழே நின்று, கிணற்றிலிருந்து மேலே வரும் சால் என்னும் பெரிய வாளியைப் பிடித்து வாய்க்காலில் ஊற்றுவான். இருபது வருஷமாக அப்படித்தான்.

"அண்ணாத்தே, மரத்துல ரத்தம் கீது. எறங்கு" என்றான்.

உன் கையைப் பார் என்று அதட்டினேன். அவன் கையில் ஒன்றுமில்லை. இறங்கி உட்கார்ந்து என் வலது காலைத் திருப்பினால், பெருவிரலும் அதற்கடுத்த விரலும் கொப்புளம் உடைந்து, தோல் உரிந்து தொங்கின. வலி துளியும் இல்லை. பயப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பனிக்காலத்தில் விறைத்த காலோடு ஈர மரத்தில் ஏறினால் வழுக்கும். அதனால் முதலில் வைக்கோலும் ஓலையும் கொளுத்திக் குளிர்காய்வோம். தணலுக்குப் பக்கத்தில் யார் அதிக நேரம் கால் வைத்திருப்பது என்று அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குள் ஒரு போட்டி. இரண்டு பனிக்காலமாக நான்தான் ஜெயித்தேன். காலை இழுத்துக்கொள்கிறவர்களை, தொட்டிலை விட்டு இன்னும் இறங்கவில்லையா என்று கேலி செய்வேன். கால் செத்துக்கொண்டிருந்ததை உடம்பின் உறுதி என்று நினைத்த மடையன் நான்.

ஒன்பது நாள் மஞ்சளை அரைத்துப் போட்டுக் கட்டினேன். கட்டோடு ஏற்றமும் மிதித்தேன். பத்தாம் நாள் என் மனைவி கன்னியம்மாள் நாற்றம் தாங்காமல் கட்டை அவிழ்த்தாள். விரல்கள் இரண்டும் கறுத்திருந்தன. அவள் உடனே ஏழுமலையைக் கூப்பிட்டு வண்டி பூட்டச் சொன்னாள்.

பூவிருந்தவல்லியில் ஒரு டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். பாதத்தில் ஊசி படும்போது சொல்ல வேண்டும். மூடிக்கொண்டு காத்திருந்தேன். நேரம் போயிற்று. எப்போது குத்தப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஆறு தரம் குத்தியாச்சுய்யா" என்றார்.

கண்ணைத் திறந்தபோது கன்னியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. என் சிறுநீரை ஒரு நீல மருந்தோடு காய்ச்சினார். அது செங்கல் நிறமாக மாறியது. நீரிழிவு (ரத்தத்தில் சர்க்கரை மிகுந்து சிறுநீரிலும் இறங்கும் நோய்) என்றார். அது நாள்பட்டால் பாதத்து நரம்புகள் மரத்துவிடுமாம். தூக்கத்தில் நாலு தரம் ஒன்றுக்கு எழுந்து போவதைப் பனியின் மேல் பழிபோட்டிருந்தேன். மெலிந்ததை உழைப்பின் மேல் போட்டிருந்தேன்.

அன்றே பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே இன்சுலின் (சர்க்கரையைக் குறைக்கும் ஊசி மருந்து) போட்டார்கள். எச்சில் தொட்டால் ஊதாவாக எழுதும் பென்சிலால் பெரிய டாக்டர் என் பாதத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். அழுகல் (சதை செத்துக் கறுப்பது) இந்தக் கோட்டுக்குள் நின்றால் விரல்களோடு போகும், தாண்டினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார். கறுப்பிலிருந்து கோடு நான்கு விரற்கடை தள்ளி இருந்தது.

ஒவ்வொரு நாளும் விடிந்ததும் கோட்டைப் பார்ப்பேன். இரண்டாம் நாள் மூன்று விரற்கடை. மூன்றாம் நாள் ஒன்றுதான். அந்த நாட்களில் நான் சாமி கும்பிடவில்லை, கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒற்றைக்காலன் ஏற்றம் மிதிக்க முடியுமா?

நான்காம் நாள் மாலை கறுப்பு கோட்டைத் தொட்டது. துணியைப் போட்டு மூடினேன். ஏழுமலையை மிரட்டி, வெளிக்கடையில் அதே மாதிரிப் பென்சில் வாங்கிவரச் செய்தேன். விடிந்ததும் எச்சிலைத் தொட்டுப் பழைய கோட்டைத் தேய்த்துவிட்டு, இரண்டு விரற்கடை மேலே புதுக்கோடு போட்டேன். பழையது சரியாக அழியவில்லை. கைக் கட்டைவிரல் முழுக்க ஊதாவாகிவிட்டது. கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

டாக்டர் வந்து பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் கால்மாட்டில் நின்ற கன்னியம்மாள் பேசினாள்.

"இவுரு கோட்ட மாத்திக்கினாருங்க ஐயா. கருப்பு நேத்தே தொட்டுட்ச்சி."

நான் அவளை அறைந்திருப்பேன், எழ முடிந்திருந்தால். டாக்டர் போர்வையை விலக்கி என் கட்டைவிரலைப் பார்த்தார். திட்டவில்லை. "கோட்டை மாத்தலாம்யா. கால் அதைக் கேக்காது" என்றார். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். அன்று பகலிலேயே இரண்டு விரல்களையும், பழைய கோடு வரை கறுத்த சதையையும் எடுத்தார்கள்.

மூன்று நாள் நான் அவளோடு பேசவில்லை. அவள் பாட்டுக்கு வந்தாள், கேழ்வரகுக் கஞ்சி ஊட்டினாள், போனாள். நாலாம் நாள் அழுதுவிட்டேன்.

பெருவிரல் இல்லாமல் ஏற்ற மரத்தில் நிற்க முடியாது. இப்போது ஏழுமலை மேலே மிதிக்கிறான். நான் செருப்போடு கீழே நின்று சால் பிடிக்கிறேன். என் மாதிரி நோயுள்ளவர்களுக்குச் சொல்கிறேன்: பனிக்காலத்தில் காலை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள். விளக்கு வைக்கும் வேளையில் கன்னியம்மாள் என் உள்ளங்கால்களைத் திருப்பிப் பார்க்கிறாள். வெடிப்புக்கு எண்ணெய் தடவுகிறாள், விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைக்கிறாள். அவள் முழங்கையை விட்டுப் பார்க்காத வெந்நீரில் நான் கால் வைப்பதில்லை. என் பாதம் யாரோ என்னிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போன பொருளாகிவிட்டது. என் நாளும் ஏற்றத்தில் தொடங்குவதில்லை. அவள் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் ஒரு நாள் முடிகிறது.

இந்த மார்கழியில் ஒரு நாள் விடியலில் எல்லோரும் குளிர்காய்ந்துகொண்டிருந்தோம். நான் கையை மட்டும் நெருப்பில் காட்டி, காலைப் பின்னால் மடித்திருந்தேன். மற்றவர்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். ஏழுமலை இழுக்கவில்லை. சுடவில்லையா என்று கேட்டேன்.

"இல்லியே அண்ணாத்தே. உன் பேர நான் காப்பாத்த வாணாவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அவன் காலைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கொப்புளம் இல்லை. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, கத்தரிச் செடியிலிருந்து ஒரு முள்ளைக் கிள்ளினேன்.

கொஞ்ச நேரம் பொறுத்து அவன், "எப்ப குத்தப் போற?" என்றான்.

நான் மூன்று தரம் குத்தியிருந்தேன். ஏற்றத்தை அப்படியே விட்டுவிட்டு, வண்டியில் பூட்ட மாட்டை அவிழ்த்தேன். நான் பத்து நாள் தாமதித்துப் போன டாக்டரிடம் இவன் வெயில் ஏறுமுன் போய்ச் சேர வேண்டும்.