கல்ஃபானிடம் சேதி ஒன்றுமில்லை

என்ன சேதி என்று யார் கேட்டாலும் கல்ஃபான் முதலில் தாடியைத் தடவுவான். பிறகு, "சேதி ஒண்ணுமில்ல, எல்லாம் நலம்" என்பான். ஓமானில் அவர்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள். காப்பி ஒரு சுற்று வந்தபின் உண்மைச் சேதி வெளியே வரும். கல்ஃபானிடம் மட்டும் வராது. நிச்சயம் செய்த பெண் வேண்டாமென்று சொன்னபோதும் நலம்தான்.

மீன் கிடங்கில் வேலை. விடுமுறை என்றால் நண்பர்களை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு பாலைவனச் சரணாலயங்களுக்குக் கிளம்பிவிடுவான். ஒரு முறை நண்பன் ஸஹ்ரான் வர மறுத்தான். அங்கே வாரத்தின் முதல் வேலைநாளான ஞாயிறு காலை, மஸ்கட்டில் ஆசிரியர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. அவன் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன்.

"சனிக்கிழமை ராத்திரி உங்க அம்மாகிட்ட ஒப்படைச்சிடறேன்டா," என்றான் கல்ஃபான்.

தேய்த்த வெள்ளை அங்கியை வண்டி ஜன்னலில் தொங்கவிட்டபடி ஸஹ்ரானும் கிளம்பினான். இரண்டு இரவு கூடாரம், நாள் முழுக்க நடை. சனிக்கிழமை மதியம் திரும்பும் வழியில் மணல் இளகத் தொடங்கியது.

"டயர்ல காத்தைக் குறைங்கண்ணே," என்றான் பின்சீட்டிலிருந்த இன்னொரு நண்பன் ஹிலால்.

"இது எனக்குத் தெரிஞ்ச மணல்டா."

சற்று நேரத்தில் நான்கு சக்கரமும் புதைந்தன.

"தெரிஞ்சவங்கன்னா உக்காரவச்சிட்டுத்தான் விடும்போல," என்றான் ஹிலால்.

போனில் சிக்னல் இல்லை. தோண்டத் தோண்ட வண்டி இறங்கியது. வெயில் சாயும் நேரம் ஆடுகளோடு ஒரு பிக்கப் வந்து நின்றது. இறங்கியவர் முஸல்லம் என்ற பெதுவின், பாலைவனத்தில் ஆடு மேய்ப்பவர். முறைப்படி நண்பர்கள் அவருக்குப் பாய் விரித்து, பேரீச்சம்பழம் வைத்து, காப்பி ஊற்றினார்கள்.

"என்ன சேதி?" என்றார் முஸல்லம்.

கல்ஃபான் தாடியைத் தடவினான். "ஒண்ணுமில்ல, எல்லாம் நலம்."

அவர் புதைந்த வண்டியைப் பார்த்தார், காப்பியைக் குடித்தார். தானாகச் சொல்லாதவர் கஷ்டத்தை நாம் பேசுவது அங்கே மரியாதையில்லை. மழையைப் பேசினார்கள், ஒட்டகப் பந்தயத்தைப் பேசினார்கள். ஸஹ்ரான் வண்டி ஜன்னலில் தொங்கிய அங்கியைப் பார்த்தான். கல்லூரி மேடைகளில் அத்தனை பேசியவன், மூத்தவன் கல்ஃபான் இருக்கும்போது வாய் திறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். படிப்பு தனக்கு எதைத்தான் கொடுத்தது?

முஸல்லம் போதுமென்று கிண்ணத்தை ஆட்டிக்காட்டி எழுந்தார்.

"மாமா," என்றான் ஸஹ்ரான். "சேதி ஒண்ணு இருக்கு."

"சொல்லுப்பா. அதுக்குத்தானே மூணாவது கிண்ணமும் குடிச்சேன். கயிறு முன் சீட்டுலயே கிடக்கு."

வண்டி மேலேறியதும், தன் வீட்டில் சாப்பிடாமல் விடமாட்டேன் என்று முஸல்லம் வழிமறித்தார். கல்ஃபான் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "இவனுக்கு விடிஞ்சா வேலைக்குத் தேர்வு. இந்தக் குளிர்காலம் முடியறதுக்குள்ள உங்க வீட்டுல வந்து சாப்பிடறோம். இது என் வாக்கு."

"சரி. அதோ அந்தக் கறுப்பு ஆட்டுக்குட்டி உங்க விருந்துக்கு."

ஸஹ்ரான் தேர்வுக்குப் போய்ச் சேர்ந்தான், அங்கி மடிப்பில் மணலோடு. வேலையும் கிடைத்தது. கல்ஃபானுக்கு அப்புறம் கல்யாணம், இடமாற்றம், இரட்டைப் பிள்ளைகள்; விருந்துக்குப் போவது வருஷா வருஷம் தள்ளிப்போனது. குளிர்காலம் வந்தால் முஸல்லம் போன் செய்வார். கல்ஃபான் தாடியைத் தடவி, "சேதி ஒண்ணுமில்ல" என்பான்.

"இங்கே இருக்குப்பா," என்றாராம் போன வாரம். "உன் குட்டி பாட்டியாயிடுச்சு."