பெரிய மாப்பிள்ளையும் இரண்டு கேம் ஷாஃப்டும்

தெருமுனையில் அந்த வண்டிச் சத்தம் கேட்டதும் பெரிய மாப்பிள்ளை ரேடியோவை அணைத்துவிடுவார். ஜன்னல் பக்கம் போகமாட்டார். போனால் பார்த்ததாக ஆகிவிடும். செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு காதை மட்டும் கீழே வாசலுக்கு அனுப்பிவைப்பார். வண்டி வந்து நின்ற பிறகும் அணையாது. தட்... தட்தட்... தட் என்று தடுமாறித் தடுமாறி உறுமும். "வேணும்னே அணைக்காம வச்சிருக்கான் பாரு" என்பார் மனைவியிடம். ஓட்டி வந்தவர் அவளுக்குத் தங்கை புருஷன். அவள் தேநீர் போடப் போய்விடுவாள்.

"எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம். யாரும் கேட்காதபோதுதான் அதிகம் சொல்வார்.

தொழில், மூக்குக் கண்ணாடிக் கடை. வந்தவர்களின் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா, அது தெளிவா? அவசரமில்ல, நிதானமா சொல்லுங்க" என்று பொறுமையாகக் கேட்பார். பொறுமை போவது ஒரே ஒரு விஷயத்தில்தான். யாராவது சிநேகிதரின் கண்ணாடியைக் கொண்டுவந்து, இதேபோல ஒன்று வேண்டும் என்று கேட்டால் போச்சு. "அது அவர் கண்ணுக்கு அரைச்சதுங்க! உங்களுக்குப் போட்டா சுவத்துல போய் முட்டிக்குவீங்க!"

அவருக்கும் சகலைக்கும் ஒரே கம்பெனி மோட்டார் சைக்கிள்தான். வி எழுத்துப்போல் சாய்ந்து நிற்கும் இரண்டு சிலிண்டர், ஒரே கறுப்பு நிறம். முதலில் வாங்கியவர் இவர். "என்னைப் பாத்துதான் வாங்கினான்" என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு குளிர்ச்சி இருந்தது. சின்ன மாப்பிள்ளை எஞ்சினைப் பிரித்துப் புது கேம் ஷாஃப்ட் போட்ட நாளோடு அந்தக் குளிர்ச்சி போயிற்று. கேம் ஷாஃப்ட் என்பது ஒரு தண்டு. அதிலுள்ள மேடுகள் சுழன்று சுழன்று வால்வுகளைத் தள்ளித் திறக்கும். மேடு பெரிதானால் வால்வு அதிகம் திறக்கும், எஞ்சின் ஆழமாக மூச்சு விடும், சத்தமும் மாறும்.

சத்தம் மாறியதோடு போயிருந்தால் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். மாமனாரும் மாறிவிட்டார்.

மாமனார் கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருப்பது பெரிய மாப்பிள்ளை வீட்டில், சாப்பிடுவது இங்கே, மருந்து வாங்கித் தருவது இவர். ஞாயிறு காலைகளில் துறைமுகத்துக்குக் கப்பல் பார்க்கப் போவதும் பல வருஷமாக இவருடைய பின்சீட்டில்தான். சகலை கேம் மாற்றிய அடுத்த வாரமே கிழவர் கூச்சமில்லாமல் அந்த வண்டியில் ஏறிப் போனார். அதன் பிறகு இதில் ஏறவே இல்லை. சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர் பெரிய மாப்பிள்ளை. அப்பா என்று நினைத்துக்கொள்ள ஒருவர் கிடைத்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். அவரையும் ஒருவன் உறுமிக் காட்டி அழைத்துக்கொண்டு போனால் வயிறு எரியாதா?

"வாழ்நாள் பூரா எஞ்சினோட குடித்தனம் பண்ணினவரு. சத்தத்துக்கு மயங்கிட்டாரு" என்று மனைவியிடம் தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து கேம் பைத்தியம் பிடித்தது. சாப்பாட்டு மேசையில் இரண்டு கரண்டிகளைச் சாய்த்து நிறுத்தி வால்வு திறப்பதை விளக்குவார். குழம்பு ஆறிப்போகும்.

பட்டறைக்குப் போன அன்று, உதவியாக இருக்கட்டும் என்று சின்ன மாப்பிள்ளையும் கூடவே வந்துவிட்டார். மெக்கானிக் இரண்டு ஜோடித் தண்டுகளைத் துணியில் பரப்பினார்.

"இது மெதுவா போனாலும் நல்லா இழுக்கும். அது வண்டியக் கத்த விட்டாத்தான் பலம் குடுக்கும், கீழ சோம்பேறி. இப்ப நீங்க உண்மையச் சொல்லணும் சார். முறுக்கி ஓட்டுவீங்களா, நிதானமா போவீங்களா? பின்னாடி ஆள் உண்டா?"

உண்மை என்னவென்றால், அவர் வண்டியின் வேக முள் பாதியைத் தாண்டியதே கிடையாது. கடைக்குப் போவார், வருவார். மாமனாரை மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் செலவே. அதைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

அதற்குள் சகலை, "அண்ணா நிதானமாத்தாங்க ஓட்டுவாரு. அவருக்கு அந்தச் சின்ன கேமே போதுமே" என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

அந்தப் 'போதுமே' சுருக்கென்று குத்தியது.

"யார் சொன்னா? முள்ளு கடைசி வரைக்கும் போகும்" என்றார் பெரிய மாப்பிள்ளை. "பின்னாடி ஆளா? எப்பவாவது." அப்புறம் மெக்கானிக் பக்கம் குனிந்து, "தம்பிக்குப் போட்டதவிட ஒரு சைஸ் பெரிசு இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது.

ஞாயிறு காலை கிளப்பியதும் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. "என்னங்க, வண்டிக்கு உடம்பு சரியில்லையா?" என்று மனைவி ஓடிவந்தாள். சகலை வருவதற்குள் மாமனாரைக் கையோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். மேட்டில் ஒரு லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகவேண்டி வந்தது. வண்டி விக்கியது, இருமியது, நின்றது. முறுக்கினால் பாய்ந்தது, விட்டால் அணைந்தது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் கிழவர் மருமகனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

துறைமுகத்தில் இறங்கியதும் பெரிய மாப்பிள்ளை கேட்டார்: "எப்படி மாமா சத்தம்?"

"என்னது?"

"சத்தம்! வண்டிச் சத்தம்!"

"சத்தமா? காதுதான் எஞ்சின் ரூம்லயே போயிடுச்சே, மாப்பிள்ளை. எனக்கு எல்லா வண்டியும் ஒண்ணுதான்."

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தினமும் சாப்பாட்டு மேசையில் இவரே கத்தித்தான் பேசுவார். பொறாமை அதை அவருக்கு மறைத்துவிட்டது.

"அப்போ ஏன் மாமா அவன் வண்டியிலயே போறீங்க?"

"சின்னவரு பின்சீட்டுக்கு ஒரு சாய்மானம் வச்சாரே, எஞ்சின் வேலை பாத்தப்போ! முதுக அதுல குடுத்துட்டா பயமில்ல. உங்க வண்டியில எப்ப மல்லாக்க விழுவேனோன்னு வழி பூரா பதறிக்கிட்டே வரணும். சொன்னா உங்க மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லல."

பெரிய மாப்பிள்ளை முகம் சுண்டிப்போய் நின்றார். பின்னாலேயே தேடிக்கொண்டு வந்த சகலை வண்டியை நிறுத்தி, சிரித்த முகமாக மாமனாரின் கையைப் பிடித்துக் கப்பல் பக்கம் நடத்திக்கொண்டு போனார்.

இருவரும் திரும்பிப் பார்க்காத தூரத்துக்குப் போகும்வரை இவர் காத்திருந்தார். அப்புறம் சகலையின் வண்டிக்குப் பின்னால் போய், கட்டைவிரலைச் சீட்டில் ஊன்றி, அந்தச் சாய்மானத்தின்மேல் கையை விரித்து அளந்தார். ஒரு சாணும் இரண்டு விரலும் இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, மூன்றாவது விரலையும் சேர்த்துக்கொண்டார்.