சனாதிபதியின் மகனுக்கு இரண்டு முறை அளவெடுத்தேன்

1. சீருடை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் பழகியவன் நான். சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில் கடை. ஆட்களோடு கதைக்கக் கூச்சம். அளவெடுக்கும்போது "கையைத் தூக்குங்கோ", "மூச்சை விடுங்கோ" என்பதற்கு மேல் வாயில் எதுவும் வராது.

ஒருநாள் இராணுவ ஜீப் ஒன்று வாசலில் நின்றது. இளம் அதிகாரி ஒருவர் இறங்கினார். பக்கத்து வெங்காயக் கடைக்காரர் ஓடிவந்து என் காதில் சொன்னார்: "உவர் சனாதிபதியின்ரை மகன். குண்டூசியாலை குத்திப்போடாதை!"

சீருடை தொளதொளவென்று இருந்தது. உடம்புக்கு அளவாகப் பிடித்துத் தரவேண்டும் என்றார். முகாமில் பழகிய தமிழ். நெஞ்சில் இருந்த பெயர்ப்பட்டியைத் தொட்டுக் காட்டினார்.

"ரெயிலர், இது அப்பாட பேர். என்ட பேர் மட்டும் போட ஏலுமா?"

நான் விழித்தேன். அவரே சிரித்துவிட்டார். "சும்மா கேட்டது. விட மாட்டாங்க."

பொத்தான் தைத்துக்கொண்டிருந்த என் மனைவி காலால் என்னைத் தட்டினாள். எதற்கென்று தெரியும். சண்டைக் காலத்தில் இராணுவம் எடுத்த அவளுடைய சீதனக் காணி அந்த அதிகாரியின் முகாம் வேலிக்குள்தான் கிடந்தது. வேப்பமரம், கிணறு, வீட்டு அத்திவாரம் எல்லாம் உள்ளே. கேட்க நினைத்தேன். வாயில் வந்தது "மூச்சை விடுங்கோ"தான். ஜீப் போய்விட்டது.

"இடுப்பைச் சுத்தி நாடா போட்டனீங்கள். அவ்வளவு கிட்ட நிண்டும் ஒரு சொல்லு வரேல்லையோ?" என்றாள்.

2. வேட்டி

பல வருடங்களுக்குப் பிறகு அவர் மறுபடி வந்தார். தகப்பன் பதவியில் இல்லை. மகன் இராணுவத்தை விட்டு, தகப்பனின் கட்சியில் வாக்குக் கேட்டு வந்திருந்தார். கோயில் தேர்த் திருவிழாவுக்கும் போகவேண்டியிருந்தது. எங்கள் பக்கக் கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றி, வேட்டியோடுதான் உள்ளே போகவேண்டும். அவருக்கு அதுதான் பயம்.

"சனத்துக்குள்ள அவிழ்ந்தா போன்ல படம் எடுப்பாங்க, ரெயிலர்."

வேட்டிக்கு அளவு தேவையில்லை. ஆனால் அவிழாமல் இருக்க இடுப்பில் வெல்குரோ ஒட்டுப்பட்டி வைக்க அளவு வேண்டும். நாடாவைச் சுற்றினேன். தொப்பை வைத்திருந்தது. மூச்சை இழுத்துப் பிடித்தபடி நின்றார். இந்த முறை எப்படியோ கேட்டுவிட்டேன்.

"சேர், நீங்கள் இருந்த முகாமுக்குள்ளை ஒரு காணி..."

"உங்கட காணியா?"

"இல்லை சேர். மனிசியின்ரை. சீதனம்."

சீதனக் காணி பெண்ணுக்குத்தான் சொந்தம். அவர் என் மனைவி பக்கம் திரும்பினார். அவள் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு எழுந்தாள்.

"வேப்பமரத்தடிக் கிணத்துக் காணி."

"அந்தக் கிணறா? நாங்க எல்லாரும் அதிலதான் குளிச்சது. நல்ல தண்ணி, அக்கா!"

"குளிச்சது சரி. அப்பவே காணியை விட்டிருக்கலாமே?"

"அப்ப நான் சின்ன ஒஃபிசர். கமாண்டர் சொல்லணும்."

"இப்ப?"

"இப்ப நான் வோட் கேக்கிற ஆள். ஆமி சொல்லணும்."

"எனக்கு அம்மா தந்தது அந்தக் காணி. உங்களுக்கு அப்பா தந்தது என்ன, தம்பி?"

கூட வந்த கட்சிக்காரர்கள் திகைத்துப் போனார்கள். அவர் கோபிக்கவில்லை. கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பேர், அக்கா. அது மட்டும்தான்."

"அந்தப் பேரைச் சொல்லி ஒருக்கால் கேளுங்கோ."

தேரன்று வேட்டி அவிழவில்லை. பின்னேரம் கட்சிக்காரர் ஒருவர் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்ரிக் கான் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். "சேர் முகாமுக்குப் போய்க் கேட்டவர். மேலிடம் யோசிக்குமாம். இதை அக்காட்டைக் குடுக்கச் சொன்னவர்."

அவள் உள்ளங்கையில் ஊற்றிக் குடித்துப் பார்த்தாள்.

"எங்கடை தண்ணிதான். கேட்டிருக்கிறார். கிணறு வரேல்லை."

கிணறு இன்னும் வேலிக்குள்தான். வெறும் கான் மெசினுக்கு மேல் தட்டில் இருக்கிறது. பெரிய இடத்துப் பிள்ளையும் தனக்கு மேலே ஒருவரைக் காட்டுவார் என்று அன்று தெரிந்துகொண்டேன். அதற்காகக் கேட்காமல் இருக்கக்கூடாது என்பதை மனைவியிடம் கற்றேன். தொழில் பழக வருகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன்: நாடா பிடிக்கிறவன் அளவுக்குப் பெரிய ஆட்களுக்குக் கிட்டப்போக வேறு யாருக்கும் வாய்ப்புக் கிடைக்காது; கேட்டுவிடு.

முகாமிலிருந்து சீருடை பிடிக்க இப்போதும் வருகிறார்கள். நாடாவைச் சுற்றியதும் மூச்சை இழுத்துப் பிடிப்பார்கள்.

"சேர், வேப்பமரத்தடிக் கிணறு எப்ப விடுவியள்?" என்று கேட்கிறேன். பதில் வருகிறதா என்று கொஞ்சம் பார்ப்பேன்.

பிறகுதான், "மூச்சை விடுங்கோ" என்பேன்.