ஏழாவது இறகு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். ஸ்டிக்கர் கடையில் அடுத்தவர் சொல்லும் எழுத்தை வெட்டித் தருவதோடு சரி, சொந்தமாக நாலு வரி சேர்த்து எழுதியதில்லை. ஐம்பதை நெருங்கும் ஒருத்தி, கார் ஓட்டுகிற வீடியோ கேமைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்கும் பதில் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இரண்டு பேரிடம் வாயால் சொல்லப் பார்த்தேன். இரண்டு முறையும் பாதியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. எழுதும்போது எதிரே யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

செங்கல்பட்டில் அந்தக் கடையில் இருபது வருடமாக இருக்கிறேன். ஷேர் ஆட்டோவின் பின்கண்ணாடி, நம்பர் பிளேட், வேனின் பக்கத்தில் ஓடும் கோடு, இவைதான் என் வேலை. வருகிறவர் போனில் ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்பார். அதை என் போனுக்கு அனுப்பச் சொல்லி, கம்ப்யூட்டரில் படத்தின் மேலேயே கோடு இழுத்து, மெஷினில் வெட்டி, வேண்டாத பகுதியை ஊசியால் உரித்து எடுப்பேன். கடையில் சட்டம் ஒன்றுதான். சாம்பிளில் இருப்பதைத் திருத்தக் கூடாது. கோணலாக இருந்தால் கோணலாகவே வெட்ட வேண்டும். நாம் நேராக்கினால், "என் படம் இது இல்லை" என்று சண்டைக்கு வருவார்கள். ஒருமுறை வந்த புலிக்கு மூன்று கால்தான் இருந்தது. மூன்று காலோடு வெட்டிக் கொடுத்தேன். வாங்கியவர் சந்தோஷமாகப் போனார்.

கேம், என் தம்பி வாங்கியது. அவன் நாவலூரில் ஆபீஸ் வேலை பார்க்கிறான், எங்களோடுதான் இருக்கிறான். எனக்கு ஓட்ட வராது. முதல் வளைவிலேயே சுவரில் போய் இடிப்பேன். ஆனால் அதில் காருக்கு டிசைன் போடும் இடம் ஒன்று உண்டு. வட்டம், சதுரம், முக்கோணம் என்று சில துண்டுகளைத்தான் தருவார்கள். அவற்றை இழுத்து, சாய்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி எதை வேண்டுமானாலும் வரையலாம். ஒரு கண் வரைய நாற்பது துண்டு ஆகும். வரைந்து முடித்ததைப் பொதுவில் போட்டால், கேம் ஆடுகிற யாரும் எடுத்துத் தங்கள் காரில் ஒட்டிக்கொள்ளலாம். கீழே வரைந்தவர் பெயர் வரும். என் பெயரை நான் வேறெங்கும் அப்படிப் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்தில் இந்த கேம் ஆடுகிறவர்கள் பதினொரு பேர் சேர்ந்து ஒரு குரூப் வைத்திருந்தார்கள். தம்பி என்னையும் அதில் சேர்த்துவிட்டான். அங்கேயும் சட்டம் ஒன்றுதான். அடுத்தவர் வரைந்ததை எடுப்பதாக இருந்தால் கேட்டு எடுக்க வேண்டும், கீழே அவர் பெயரைப் போட வேண்டும். கேட்காமல் எடுத்தவருக்குக் குரூப்பில் இடம் இல்லை. ஒருவர் அப்படி வெளியே போனதை நான் பார்த்திருக்கிறேன். அவர் டிசைன்களை எல்லோரும் தங்கள் கார்களிலிருந்து கழற்றினார்கள். பிறகு அவர் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

வேறு ஊர்க் குரூப் ஒன்றோடு பந்தயம் முடிவானது. எங்கள் பதினொரு காருக்கும் ஒரே டிசைன் வேண்டும் என்றார்கள். நான் ஒரு சிறகு வரைந்து போட்டேன். வேடந்தாங்கலுக்கு வருகிற மஞ்சள் மூக்கு நாரையின் சிறகு. வெள்ளை, கறுப்பு, வால் பக்கம் கொஞ்சம் ரோஸ். கதவிலிருந்து பின்சக்கரம் வரை விரிந்து கிடக்கும். எல்லோருக்கும் பிடித்துப்போனது. எட்டு நாள் கழித்து, கல்பாக்கம் குடியிருப்பில் இருக்கும் ஒருவர் தன் டிசைனைப் போட்டார். அதுவும் சிறகு. அதே சிறகு.

அவர் திருநெல்வேலிக்காரர். குடும்பம் ஊரில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இந்தக் குரூப்பில் பேசுவதுதான், வேலைக்கு வெளியே தான் பேசுகிற பேச்சு என்று ஒருமுறை எழுதியிருந்தார். அவரைத்தான் இப்போது திருடன் என்றார்கள்.

ஞாயிறு மதியம் எல்லோரும் நேரில் வர வேண்டும் என்று குரூப் தலைவர் சொல்லிவிட்டார். அவர் மாமல்லபுரம் தாண்டி ஈசிஆரில் வண்டி கழுவும் வாட்டர் வாஷ் வைத்திருப்பவர். கடைக்கு மேலே ஒரு அறை, பெரிய டிவி, பிளாஸ்டிக் நாற்காலிகள். கீழே பம்பு ஓடும்போது தரை அதிர்ந்தது. ஜன்னல் வழியாகக் கடற்காற்றோடு ஷாம்பு நுரை வாசனையும் வந்தது. ஏழு பேர் வந்திருந்தோம். நான் தம்பிக்குப் பக்கத்தில் கதவோரமாக உட்கார்ந்தேன். கல்பாக்கத்துக்காரர் நடுவில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டிருந்தார்.

டிவியில் இரண்டு கார்களையும் அடுத்தடுத்து நிறுத்தியிருந்தார்கள்.

"சார், அக்கா போட்டு எட்டு நாளு கழிச்சிதான் நீங்க போட்டுகீறீங்க," என்றார் தலைவர். "இதுக்கு இன்னா சொல்றீங்க?"

"தேதி சரிதாங்க. ஆனா நான் வரைய ஆரம்பிச்சு மூணு மாசம் ஆச்சுல்லா."

"மூணு மாசமா இன்னா பண்ணிகினு இருந்தீங்க? அடைகாத்துகினு இருந்தீங்களா?" என்றார் படூரிலிருந்து வந்திருந்தவர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"பழசு எதுனா சேவ் பண்ணி வெச்சிருந்தா காட்டுங்க சார். மேட்டர் முடிஞ்சிது," என்றார் தலைவர்.

"அதுக்கு மேலயே திரும்பத் திரும்பச் சேவ் பண்ணுவேங்க. பழசு இல்ல."

"நல்லா சௌகரியமா கீது," என்றார் படூர்க்காரர்.

தலைவர் எழுந்து போய் டிவியில் விரலை வைத்தார். "இத பாருங்க. ஒவ்வொரு இறகும் அடுத்த இறகுக்கு அடியில போவுது. ஏழாவது மட்டும் மேல ஏறிகீது. அக்காவோடதுல ஏழாவது. உங்களுதுலயும் அதே ஏழாவது. எந்தப் பறவைக்கும் இப்டி இருக்காது. ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துலயா கை தவறும்? காப்பி அடிக்கிற ஆளுதான் சார் தப்பையும் சேத்து அடிப்பான்."

அறையில் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அவர் சொன்னது சரி. தப்பையும் சேர்த்து இழுப்பது யாருடைய வழக்கம் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கல்பாக்கத்துக்காரர் டிவியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் நம்ம குரூப்புலயே ஒரு படம் போட்டேங்க, மாசி மாசம். டிவிய போன்ல புடிச்சுப் போட்டேன். இறகு சரியா வரலைன்னு தோணிச்சு. ஒடனே அழிச்சிட்டேன். யாராச்சும் பாத்திருப்பீங்க."

"யாருனா பாத்தீங்களாப்பா?" என்று தலைவர் கேட்டார்.

யாரும் பார்க்கவில்லை.

என் போனில் வருகிற படமெல்லாம் தானாகவே சேர்ந்துகொள்ளும். வேன், ஆட்டோ, சாமி, கட்சிக் கொடி, குரூப் படம், எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கும். அனுப்பியவர் அழித்தாலும் என்னிடம் கிடக்கும். போனை மடியில் வைத்து, முந்தானையால் பாதி மறைத்துக்கொண்டு, மாசி மாசத்துக்குத் தள்ளிக்கொண்டே போனேன். தண்ணி லாரி. முருகன். ஒரு டிராவல்ஸ் வேன். அதற்கு அடுத்தது சிறகு. பாதிதான் வரைந்திருந்தது. ஏழாவது இறகு மேலே ஏறியிருந்தது. மூலையில் டிவியின் கறுப்பு விளிம்பு தெரிந்தது.

வரையும்போது அந்த விளிம்பை நான் பார்க்கவே இல்லை. வேடந்தாங்கலுக்கு ஆள் ஏற்றும் வேன்காரர் யாரோ கொடுத்த சாம்பிள் என்று நினைத்து இழுத்திருந்தேன்.

தம்பி எட்டிப் பார்த்துவிட்டான். அவன் முகம் மாறியது. காதோரம் குனிந்து, "அக்கா, போன உள்ள வை," என்றான்.

"இது..."

"தெரியுது. உள்ள வை. வூட்டுல பேசிக்கலாம்."

தலைவர் கல்பாக்கத்துக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "சார், எங்களுக்கும் பேஜாரா கீது. நீங்களே குரூப்ல இருந்து போயிட்டா மரியாத. நாங்க எடுக்கிற மாதிரி வெச்சிக்காதீங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கையில் வைத்துக்கொண்டு எதையும் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு கட்டை விரலை அதன் மேல் கொண்டுபோனார்.

"சார், நிறுத்துங்க," என்றேன். கீழே பம்பு ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் கேட்கவில்லை. என் குரல் எனக்கே கேட்கவில்லை. தம்பி என் மணிக்கட்டைப் பிடித்தான். கையை உருவிக்கொண்டு எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

"அவர் எடுக்கல. நான்தான் எடுத்தேன்."

தலைவர் சிரித்தார். "அக்கா, நீங்க பாவம் பாக்காதீங்க. உக்காருங்க. டேய், அக்காவுக்குத் தண்ணி குடு."

போனை அவர் கையில் வைத்தேன். அவர் படத்தை விரலால் பெரிதாக்கினார். மூலைக்குப் போனார். தேதியைப் பார்த்தார். மறுபடி டிவியைப் பார்த்தார். போனை அடுத்தவரிடம் கொடுத்தார். அது கை மாறி மாறிச் சுற்றி வந்தது. யாரும் ஜோக் அடிக்கவில்லை.

"தெரிஞ்சா செஞ்சீங்க?" என்று படூர்க்காரர் கேட்டார்.

"வரையும்போது தெரியாது. கடைக்கு வந்த படம்னு நெனச்சிட்டேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. "ஆனா அவர் கார பாத்த அன்னிக்கே எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. போனத் தொறந்து பாத்திருக்கணும். பாக்கல."

தம்பி எழுந்து நின்றான். "அண்ணாத்த, கடையில அது பழக்கம். படத்த குடுப்பாங்க, இவங்க இழுப்பாங்க. இருவது வருசமா அதான் வேல. திருடணும்னு பண்ணல."

"கடைக்கு வந்த படம்னா மட்டும்," என்றார் கல்பாக்கத்துக்காரர், மெதுவாக, "அதயும் யாரோ ஒருத்தர் வரஞ்சிருப்பாங்கல்லா?"

கோபமாகச் சொல்லவில்லை. மூன்று கால் புலியைக்கூட யாரோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

தலைவர் பிடரியைத் தடவிக்கொண்டார். "அக்கா... ரூலுன்னு ஒண்ணு கீது. இப்ப சாருக்கு ஒரு ரூலு, உங்களுக்கு ஒரு ரூலுன்னு வெக்க முடியாது."

"வேணாம். வெக்காதீங்க," என்றேன்.

"சார், நீங்க எதுனா சொல்றீங்களா? உங்க டிசைனு. நீங்க வுட்டுடலாம்னா வுட்டுடலாம்."

கல்பாக்கத்துக்காரர் யோசித்தார். சரி, விட்டுவிடலாம் என்று சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏழாவது இறகு தப்புன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. இழுக்கும்போதே தெரிஞ்சுது."

"பின்ன ஏன் திருத்தல?"

"சாம்பிள்ல அப்படித்தான் இருந்துச்சு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று வந்து சட்டென்று போன சிரிப்பு. "எனக்குக் கடைசி வரைக்கும் அது தப்புன்னு தெரியல. இன்னைக்கு இவங்க சொல்லித்தான் பாக்கேன்," என்றார். பிறகு தலைவரிடம், "ரூலு ரூலாவே இருக்கட்டுங்க. என்ன மட்டும் எல்லார் முன்னாலயும் உக்கார வெச்சீங்கல்லா," என்றார்.

தலைவர் முகம் சுருங்கியது. "தப்புதான் சார். எல்லாரும் மன்னிப்பு கேட்டுக்கிறோம்," என்றார். படூர்க்காரரும் ஏதோ முனகினார். விழுந்து கிடந்த நாற்காலியை நான் நிமிர்த்தி வைத்தேன். அதன் பிறகு அங்கே நிற்க ஒரு காரணமும் இல்லை.

மாடிப்படி ஈரமாக இருந்தது. தம்பி பைக்கை எடுத்தான். திருக்கழுக்குன்றத்தில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி எனக்கு மட்டும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "நான் உன்ன வாய மூடச் சொன்னத கல்பாக்கம் சாரு பாத்துட்டாரு," என்றான். நான் டீயைக் குடித்தேன். சூடு நாக்கைச் சுட்டது.

மறுநாள் காலை குரூப்பிலிருந்து என் எண்ணை எடுத்திருந்தார்கள். தம்பியின் எண் இருந்தது. கேமில் நான் போட்ட சிறகை அழித்தேன். கல்பாக்கத்துக்காரரின் சிறகு, ஏழாவது இறகு சரிசெய்யப்பட்டு, அவர் பெயரில் பதினொரு காரிலும் ஏறியிருப்பதாகத் தம்பி சொன்னான். பிறகு அவன் ஆபீஸுக்குப் போனான், நான் கடைக்குப் போனேன்.