கஞ்சியால் ஒட்டிய பக்கங்கள்

நாலு பேர் எதிரில் எனக்கு வாய் வராது. போன வாரம் என் மகளின் பிள்ளை படிக்கிற அரசுப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். மகளுக்கு வேலை இருந்ததால் நான் போய் உட்கார்ந்தேன். நூலகத்தில் ஒரு கதைப் புத்தகம் இருக்கிறதாம். அதைப் படித்தால் பிள்ளைகள் மனசு கெட்டுப்போகும், பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள் என்று ஒருவர் எழுந்து சொன்னார். நாலைந்து தலைகள் ஆடின. நீங்கள் அதைப் படித்தீர்களா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. எனக்குக் கேட்க ஆசைதான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துக் காபி டம்ளரை நீட்டினார்கள், வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யலாம் என்று கலைந்தோம்.

வீட்டுக்கு வந்து மகளிடம் புலம்பினேன். "வாயால வரலைன்னா கையால எழுதுமா, அடுத்த வாட்டி நான் லீவு போட்டுட்டு வந்து படிக்கிறேன்" என்றாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் எழுத வந்ததும் அந்த ஐந்தாம் வகுப்பில் நடந்ததைத்தான்.

தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கே வெகுதூரம் நடந்தால் எங்கள் ஊர். ஓட்டுக் கூரைப் பள்ளிக்கூடம், வகுப்புக்கு வகுப்பு நடுவில் ஓலைத் தட்டி. பள்ளிக்கூடத்துக்குக் கிணறு கிடையாது. பக்கத்துப் பெரிய வீட்டுக் கிணற்றில்தான் தண்ணீர் குடிப்போம். மற்ற தெருப் பிள்ளைகள் தாங்களே இறைத்துக் குடிப்பார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் கையைக் குவித்துக்கொண்டு நிற்க வேண்டும், யாராவது மேலேயிருந்து ஊற்றுவார்கள். உயரமானவர்கள் பின்வரிசையில் உட்காருகிற மாதிரி இதுவும் ஒரு பள்ளிக்கூடத்துச் சட்டம் என்று நான் நினைத்திருந்தேன்.

எங்கள் டீச்சர் பல்லாவரத்திலிருந்து ரயிலில் வருவார். கிறிஸ்தவர், வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் சர்க்கார் முத்திரை போட்ட ஒரு கதைப் புத்தகத்திலிருந்து வாசிப்பார். ஒரு வெள்ளிக்கிழமை அவர் வாசித்தது ஒரு பெண்ணின் கதை. எங்கள் தெரு மாதிரி ஒரு தெருவில் இருப்பவள். தொடக்கூடாத கிணற்றுக்கு உச்சி வெயிலில் போய்க் கயிற்றை விடுகிறாள், தண்ணீரை மொண்டு இழுக்கிறாள். குடம் பாதிக் கிணறு ஏறியபோது மணி அடித்துவிட்டது. மிச்சம் அடுத்த வாரம் என்று டீச்சர் புத்தகத்தை மூடினார்.

அந்த வாரம் முழுக்க என் வயிற்றுக்குள் அந்தக் குடம் தொங்கிக்கொண்டிருந்தது. முழுப் பரீட்சை வந்துகொண்டிருந்தது. ஆறாம் வகுப்புக்குத் தாம்பரம் போகவேண்டும். பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது என்று வீட்டில் எப்போதோ சொல்லியாகிவிட்டது. வரப்போகிற வெள்ளிக்கிழமைதான் எனக்குக் கடைசிக் கதை. அவள் தண்ணீர் குடித்தாளா இல்லையா என்று அன்றைக்குத் தெரியாவிட்டால் ஆயுசுக்கும் தெரியாது.

என் வகுப்பில் முன்வரிசையில் பெரிய வீட்டுப் பெண் உட்காருவாள். கதை தாங்காமல் அவள் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டாள். கோள் சொல்லவில்லை, ஆசையாகத்தான் சொன்னாள். திங்கட்கிழமை அவள் அப்பா வந்து தாழ்வாரத்தில் நின்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போடத் தேவையில்லாதவர். கிணறு மட்டுமில்லை, பள்ளிக்கூடம் நின்ற இடமே அவருடையது. பிள்ளைகளுக்கு நடுவில் வம்பு வளர்க்கிற கதை, புத்தகத்தில் அந்தப் பக்கங்களே இருக்கக்கூடாது என்றார். எங்கள் தலைமை ஆசிரியர், பெரிய சார் என்போம், மெலிந்த மனிதர், பயந்த சுபாவம். ஆகட்டுங்க என்றார். கிழித்தால் சர்க்கார் சொத்து, இன்ஸ்பெக்டர் கேட்பார், அதனால் அந்தப் பக்கங்களின்மேல் தாள் ஒட்டி மூடிவிடுகிறேன் என்று சொன்னது தட்டி வழியாக எங்களுக்குக் கேட்டது.

பெரிய வீட்டுக்காரர் போன பிறகு டீச்சர் குரலும் கேட்டது. "சார், புள்ளைங்க பாதிக் கதையில நிக்குதுங்க. அதுங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. புத்தகம் அவர் மேசைமேலேயே கிடந்தது.

இங்கே என் மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மாவின் தம்பி. டெண்டு கொட்டகைக்குப் போஸ்டர் ஒட்டுவது அவர் வேலை. சைக்கிளில் இரண்டு தகரம் தொங்கும். ஒன்றில் மைதாப் பசை, பூச்சி அரிக்காமல் மயில்துத்தம் கலந்தது. அதில் ஒட்டினால் சுவரோடு பேர்த்தால்தான் வரும். இன்னொன்றில் வெறும் சோற்றுக் கஞ்சி. அது 'இன்றே கடைசி' என்ற துண்டுத் தாளுக்கு மட்டும். வியாழக்கிழமை அந்தத் துண்டைப் போஸ்டர்மேல் ஒட்டுவார். கூட்டம் நன்றாக வந்தால் முதலாளி மனசு மாறி இன்னும் இரண்டு நாள் படம் ஓட்டுவார். அப்போது துண்டை உரிக்க வேண்டும், அடியில் இருக்கிற போஸ்டர் கிழியக்கூடாது. அதற்குத்தான் கஞ்சி.

பள்ளிக்கூடத்துச் சுவர் ரோட்டைப் பார்த்து இருந்ததால் மாமாவுக்கு அது தங்கமான இடம். பெரிய சாருக்கோ தலைவலி. சுவர் பாழாகிறது என்று வாராவாரம் சண்டை. ஒருநாள் மாமா அவர் எதிரிலேயே துண்டுத் தாளை விரலால் தட்டி முழுசாக உரித்துக் காட்டி, பாருங்க சார், சுவருக்கு வலிக்கவே இல்லை என்றார். பெரிய சார் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வியாழக்கிழமை மாமா வந்ததும் பெரிய சார் ஜன்னலிலிருந்து கைதட்டிக் கூப்பிட்டார். பெரிய வீட்டுக்காரரும் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் மாமா ஒரு போஸ்டர் தாளை அளவாகக் கிழித்துக்கொண்டு மைதாத் தகரத்தைத் தூக்கிவந்தார். பெரிய சார் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அது வேணாம்பா, நாறுது. அந்த இன்னொரு தகரத்தை எடு."

மாமா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு போய்க் கஞ்சியை எடுத்துவந்தார். படம் உள்பக்கம், வெள்ளை வெளிப்பக்கம். ஒவ்வொரு பக்கமாக ஒட்டி, புத்தகத்தின்மேல் செங்கல்லை வைத்தார். காய்ந்த பிறகு பெரிய வீட்டுக்காரர் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

தட்டி இடுக்கில் எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சொந்த மாமா. எங்கள் தெருக்காரர். கூப்பிட்டதும் ஓடிப்போய் ஒட்டிக்கொடுக்கிறாரே என்று உடம்பெல்லாம் எரிந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவரிடம் நான் முகம் கொடுக்கவில்லை.

"இன்னா பாப்பா, மாமா மேல கோவமா கீறியா?" என்றார்.

நீ ஏன் ஒட்டினாய் என்று அழுதுகொண்டே கேட்டேன். அவர் கை கழுவிக்கொண்டே, "நல்ல படமாத் தெரிது பாப்பா. இன்னும் ரெண்டு நாள் ஓடும்" என்றார். நான் கதையைப் பற்றிக் கேட்டால் இந்த மனுஷன் சினிமாவைப் பற்றிப் பேசுகிறார் என்று இன்னும் கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை கடைசி மணி. டீச்சர் புத்தகத்தை எடுத்துவந்து விரித்தார். வெள்ளைத் தாள் எங்கள் எல்லோர் கண்ணிலும் பட்டது. வேறு கதை வாசிக்கட்டுமா என்றார். மிச்சக் கதையைக் கேட்க ஆசைதான், அப்போதும் எனக்கு வாய் வராது.

முன்வரிசையிலிருந்து பெரிய வீட்டுப் பெண் எழுந்து நின்றாள்.

"அவ தண்ணி குடிச்சாளா டீச்சர்?"

டீச்சர் அவளையே பார்த்தார். பிறகு தாளின் ஓரத்தில் நகத்தை வைத்தார். வெங்காயத் தோல் மாதிரி முழுத் தாளும் கையோடு வந்தது. அடியில் ஒரு எழுத்துகூடச் சிதையவில்லை. உரித்த தாளின் பின்பக்கத்தில் யாரோ ஒரு நடிகரின் பாதி மீசை இருந்தது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இரண்டாவது தகரம் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

டீச்சர் வாசித்தார். குடம் மேலே வந்தது. சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். அவள் குடத்தை விடவில்லை. குடித்தாள். அவ்வளவுதான் கதை. இதற்கா இத்தனை பாடு என்று இருந்தது எனக்கு. வானம் இடியவில்லை, கிணறும் வற்றவில்லை.

வாசித்து முடிகிற வரைக்கும் பெரிய சார் வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். எங்களைப் பிடிக்கத்தான் நிற்கிறார் என்று பயந்துகொண்டே கேட்டேன். ஆனால் அவர் திரும்பவே இல்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மணியும் கொஞ்சம் தாமதமாகத்தான் அடித்தது.

திங்கட்கிழமை பெரிய வீட்டுக்காரர் எதற்கோ வந்தார். அவர் மகள் இந்தத் தடவை வீட்டில் வாயே திறக்கவில்லை போலிருக்கிறது, அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெரிய சார் தானாகவே புத்தகத்தை எடுத்துக் காட்டினார். தாள் பழையபடி பக்கங்களின்மேல் இருந்தது. வந்தவர் நகத்தால் நெம்பிப் பார்த்தார், அசையவில்லை. ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிப் போனார். பெரிய சார் தன் மேசைமேல் இருந்த கோந்து பாட்டிலுக்கு மூடி போட்டு ஓரமாகத் தள்ளிவைத்தார். அவருடைய கவர்களை ஒட்டுகிற பாட்டில், வருஷம் முழுக்க அங்கேயே இருப்பது.

அந்தப் பக்கங்கள் அதற்குப் பிறகு திறக்கவில்லை. எங்கள் வகுப்பு முழுக்க அதற்குள் கதை தெரிந்திருந்தது, தெருவில் பாண்டி ஆடும்போதுகூட அந்தக் குடத்தைப் பற்றிப் பேசினோம். எங்களுக்குப் பின்னால் வந்த பிள்ளைகளுக்கு வெறும் வெள்ளைத் தாள்தான் கிடைத்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அதனால்தான் இந்தக் காகிதத்தையே எடுத்தேன். பூட்டாதீர்கள். படிக்கிற பிள்ளை படிக்கட்டும், சந்தேகம் வந்தால் டீச்சரைக் கேட்கட்டும்.

அந்தத் திங்கட்கிழமை எனக்கு மாமாமேல்தான் பெருமை. அவர் ஒருவருடைய தந்திரம் என்று எங்கள் தெருவுக்குள் சொல்லித் திரிந்தேன். கோந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கப் பெரிய சார் போஸ்டர் ஒட்டுகிறவரை ஏன் கூப்பிட்டார், வியாழக்கிழமை வரை ஏன் காத்திருந்தார், எந்தத் தகரம் என்று ஏன் சொன்னார், ஒன்றும் என் மண்டையில் ஏறவில்லை. பெரிய சார் பயந்தவர் என்பது எனக்குத் தெரியும். பயந்தவராலும் இவ்வளவு செய்ய முடியும் என்பதுதான் தெரியாது.