முருகேசனுக்கு ஒன்பது மணிச் செய்தி

புரோகிராமுக்குள் அடைந்து கிடப்பவர்களை வெளியே இழுத்து எக்ஸ்எம்எல் கோப்பில் வரிசையாக உட்கார வைப்பதுதான் என் பிழைப்பு. குடும்பம் என்ற டப்பாவுக்குள் ஆள் என்ற டப்பா, அதற்குள் இன்னொன்று. ஒவ்வொரு வரிக்கும் மேலே 'இதை எழுது', 'இதை எழுதாதே' என்று அனோட்டேஷன் என்னும் சீட்டை ஒட்ட வேண்டும். சீட்டு இடம் மாறினால் படும் பாடு, எலெக்ட்ரானிக் சிட்டியில் என்னைப் போலவே கண் எரிய உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியாததா?

அப்பாவுக்குள் மகள்

ஒரு ஆஸ்பத்திரிக்கு நோயாளிக் குடும்பங்களின் விவரத்தை அனுப்பும் வேலை. அந்தக் கோப்பைப் பார்த்து, பரிசோதனை இருப்பவர்களின் வீட்டு நம்பருக்குத் தினமும் காலை ஒன்பதுக்கு நினைவூட்டல் செய்தி போகும். முதல் தடவை ஓட்டியபோது கோப்பு முடியவே இல்லை. அப்பாவுக்குள் மகள், அந்த மகளுக்குள் அதே அப்பா, அவருக்குள் மறுபடி அதே மகள். கீழே போகப் போக அதே இரண்டு பெயர்கள். பட்டப்பகலில், ஏசி குளிரில், எனக்கு வேர்த்தது.

எங்கள் டீம் லீட் மஞ்சுநாத் கன்னடக்காரர், எங்களோடு தமிழில்தான் பேசுவார், எல்லோருமே அவருக்கு 'குரு'. எப்போதும் கிண்டல் செய்கிறவர் அன்று சிரிக்கவில்லை. "குரு, ரெண்டு பேர்ல ஒருத்தர வெளிய நிக்க வை. இல்லாட்டி இது நிக்காது."

நிற்காத செய்தி

அப்பா என்ற வரிக்கு மேல் 'எழுதாதே' ஒட்டினேன். கோப்பு நின்றது.

எங்கள் டெஸ்டர் செல்வி அக்கா தொம்மலூர்க்காரர். டெஸ்டர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, சோதனைக்குச் சொந்தக் குடும்பத்தின் பெயர்களையும் போன் நம்பரையுமே போடுவார்கள். அக்காவின் கணவர் முருகேசன் போன வருடம் இறந்துவிட்டார். இறந்தவருக்குச் செய்தி போகக் கூடாது என்பதைச் சோதிக்க ஒருவர் தேவைப்பட்டபோது, அக்கா தன் கணவர் இறந்த தேதியையே போட்டார். யாரும் கேட்கவில்லை, அவராகவே போட்டார்.

ஒரு நாள் காலை என் மேஜைக்கு வந்து தன் போனை நீட்டினார். 'முருகேசன் அவர்களே, நாளை உங்கள் ரத்த அழுத்தப் பரிசோதனை. வருவதாக இருந்தால் 1 அனுப்பவும்.' அதற்குக் கீழே, மறுநாள் ஒன்பதுக்கு வந்த இன்னொன்று: 'நன்றி முருகேசன் அவர்களே. உங்களுக்காகக் காத்திருக்கிறோம்.' யார் பதில் அனுப்பியது என்று கேட்டேன். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "மொத நாள் கை தானா ஒண்ண அழுத்திடுச்சு தம்பி."

பெயரில்லாத வணக்கம்

குற்றவாளி நான்தான். அன்றைக்கு 'எழுதாதே' சீட்டைக் காப்பி செய்தவன், கைப்பழக்கத்தில் அடுத்த வரிக்கு மேலும் ஒட்டியிருக்கிறேன். அது இறந்த தேதி. எங்களிடம் தேதி இருந்தது, கோப்பில் இல்லை. கோப்பைப் பொறுத்தவரை முருகேசன் உயிரோடு இருந்தார். கோப்பை ஒப்படைக்கும் கெடு வெள்ளிக்கிழமை; இப்படியே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் இன்னும் எத்தனை வீடுகளில் போன் அடித்திருக்கும்!

சீட்டை எடுத்தேன். தேதி இருப்பவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கவும் ஒரு வரி எழுதினேன். ஆளை நீக்கினேன், ஆள் இருந்த இடத்தை நீக்க மறந்தேன். கோப்பில் அக்காவுக்கும் மகளுக்கும் நடுவே ஒரு வெற்று வரி உட்கார்ந்திருந்தது. மறுநாள் அக்கா போனை நீட்டவில்லை, நின்றபடியே சொன்னார். "இப்ப பேரு இல்லப்பா. வெறும் அவர்களேன்னு வருது. ஆனா கரெக்டா ஒம்பதுக்கு வருது."

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு

அந்த வெற்று வரியையும் எடுத்தேன். அக்கா சரிபார்த்து 'பாஸ்' போட்டார். வெள்ளிக்கிழமை கோப்பு ஆஸ்பத்திரிக்குச் சுத்தமாகப் போனது, மஞ்சுநாத் எல்லோருக்கும் காபி வாங்கித் தந்தார்.

திங்கட்கிழமை காலை அக்கா தன் இடத்தில் போனை மேஜைமேல் நிமிர்த்தி வைத்துவிட்டு, கணினியைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். என்னக்கா என்றேன். "ஒம்பது தாண்டிடுச்சு தம்பி. இன்னும் வரல."

நான் சரிசெய்த பிழைகளில், திரும்பி வந்தால் தேவலை என்று நினைத்தது அது ஒன்றைத்தான்.