மூன்று சுற்றுக் கட்டுக்கம்பி

அந்தப் புங்கங்கன்றில் நான் சுற்றியிருந்த கட்டுக்கம்பியை வெட்டி எடுத்தபோது, அது இறங்கியிருந்த இடத்தில் பட்டை மேலும் கீழும் உதடுபோல் வீங்கியிருந்தது. காரைக்குடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. எதிரே பூக்கார அக்காவின் கடை சாத்தியிருந்தது. கம்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காயத்தில் களிமண்ணை அப்பிச் சாக்குத் துணியைச் சுற்றினேன்.

நான் கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிறவன். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன். நாலு பேர் இருந்தால் எனக்குப் பேச்சு வராது. தெருமரங்களைப் பராமரிக்க ஊர்க்காரர்களைச் சேர்த்து, ஓய்வுபெற்ற வேளாண் அதிகாரி ஐயா ஒருவர் ஞாயிறுதோறும் பயிற்சி கொடுத்தார். நான் கடைசி வரிசையில் உட்காருவேன். பக்கத்தில் பூக்கார அக்கா. "கம்பிக்காரரே, வாயையும் சேத்துக் கட்டிட்டீகளா?" என்று கேட்டுச் சிரிப்பார்.

கன்றையும் முட்டுக்கழியையும் சேர்த்துக் கயிற்றை எட்டு வடிவில், விரல் நுழையும்படி தளர்வாகக் கட்ட வேண்டும். காற்றில் ஆடினால்தான் தண்டு பலப்படும் என்றார் ஐயா. நான் கட்டிக் காட்டியதைப் பார்த்து, "இனிமே கட்டு வேலையெல்லாம் இவரு பொறுப்பு" என்றார். ஒரு கூட்டத்தில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல பேர் அது.

ஆனால் எங்கள் தொழிலில் ஆடுகிற கட்டு கேவலம். அக்கா தன் கடைக்கு எதிரே தண்ணீர் ஊற்றி வளர்த்த புங்கங்கன்று ஆடுவதை வேலைக்குப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். கை பொறுக்கவில்லை. ஒருநாள் கயிற்றின் மேலேயே கம்பியை மூன்று சுற்றுச் சுற்றிக் கொக்கியால் முறுக்கிவிட்டேன். தண்டு பருக்கப் பருக்கக் கம்பி உள்ளே இறங்கியது. இலைகள் பழுத்து உதிர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

கம்பியை வெட்டிய அன்று காலை பத்து மணிக்கு ஐயா எங்கள் இருபது பேரையும் கன்றிடம் அழைத்துவந்தார். சாக்குத் துணி, கயிறு உரசாமலிருக்க நான் சுற்றியது என்று நினைத்திருப்பார். "வேரு வெந்த மாதிரி இருக்கு. டீக்கடைச் சுடுதண்ணி எதுவும் ஊத்துனீகளாம்மா?"

"இல்லங்கய்யா. நல்ல தண்ணிதான் ஊத்துனேன்."

"பூக்காரம்மா நேத்து வச்ச பூவையே இன்னைக்குப் பறிச்சதும்பாக" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார். நான் சாக்குத் துணியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். கம்பி என் பையில்தான் இருந்தது.

அதன்பின் அக்கா பயிற்சிக்கு வரவில்லை. கன்றும் பட்டுப்போனது.

ஓராண்டு கழித்து, போன மாதம், கடையில் யாரும் இல்லாத மத்தியானத்தில் போய்ச் சொன்னேன். அக்கா சரம் கட்டுவதை நிறுத்தவில்லை.

"நீங்க கட்டுனப்பவும் பாத்தேன். வெட்டுனப்பவும் பாத்தேன். உள்ள உக்காந்து பூப் பிரிச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா."

"நீங்க சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவர்மேல் பழி விழுந்தது இருபது பேர் முன்னால். நான் ஒப்புக்கொண்டது அவரிடம் மட்டும். புதிதாக வருகிறவர்களுக்குக் கட்டுப் போடக் காட்டச் சொல்லி, ஐயா இப்போதும் என்னைத்தான் எழுப்புகிறார். நானும் எழுந்துபோய்க் காட்டுகிறேன்.